திண்டிவனம் வட்டாரத்தில் தூண்டில் பயணம் திட்டமிடும் முறைமை: ஓர் ஆய்வு

தூண்டில் பயணம் என்பது, நன்னீர் நிலையொன்றின் கரையில் அமர்ந்து மீன் பிடிக்கும் நோக்கத்தோடு இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ கூடிப் பேசி, நாள் குறித்து, குறித்த நாளை மாற்றி, மறுபடியும் நாள் குறிக்கின்ற தொடர்வினையாகும். இவ்வரையறையில் மீன் ஒரே ஒரு முறைதான் தலைகாட்டுகிறது என்பதும், நாளை மாற்றுதல் இன்றியமையாத உறுப்பாக அமைந்திருக்கிறது என்பதும் கூர்ந்து நோக்கத் தக்கவை. 1993ஆம் ஆண்டு தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிந்த விழுப்புரம் மாவட்டத்தில், குறிப்பாகத் திண்டிவனம் வட்டாரத்தில், இவ்வினை டீக்கடை பெஞ்சுகளில் நாள்தோறும் நிகழ்ந்து வந்தபோதிலும், ஆய்வுலகம் இதுகாறும் பாராமுகமாகவே இருந்துவிட்டது.

துறையின் தொன்மைக்குச் சான்று தேடி வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. பத்துப்பாட்டுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிவிட்ட கிடங்கிலைக் கொண்ட ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனிடம் பரிசில் பெறச் செல்லும் வழியை ஒரு பாணன் மற்றொரு பாணனுக்கு எடுத்துரைப்பதாக அமைந்த நூலாகும். அவ்வழியில் கடற்கரை ஊரான எயிற்பட்டினத்தில் சுட்ட குழல்மீனும், வயல்சூழ்ந்த ஆமூரில் நண்டுக் கலவையோடு சோறும் கிடைக்கும் என்று ஊர்வாரியாகச் சொல்லப்பட்டிருப்பதால், இவ்வட்டாரத்தில் பயணத் திட்டம் என்பது சாப்பாட்டுத் திட்டமாகவே பிறந்தது என்று துணியலாம். தூண்டிலைப் பற்றி அறியச் சற்று வடக்கே நகர்ந்து, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையைப் புரட்ட வேண்டும். அங்கே ஒரு பாண்மகன் பச்சிறைச்சியைத் தோற்பையில் இட்டுக்கொண்டு, நெடிய மூங்கிற்கோலில் நாண் கட்டி, வளைந்த இரும்புமுள்ளில் இரையைப் பொதிந்து நீரில் விடுகிறான். வாளைமீன் இரையைக் கவ்விக்கொண்டு முள்ளை வெறுமையாக விட்டுப் போய்விடுகிறது. போனதோடு நில்லாமல், கரையோரப் பிரம்பின் ஆடுகின்ற நிழலைக் கண்டும் பிறகு அது அஞ்சுகிறது என்று புலவர் வாளையின் மனநிலையை விரித்துச் சொல்கிறாரே தவிர, பாண்மகனின் மனநிலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கருவியில் குறையில்லை, இரையும் தரமானது, ஆளும் கைதேர்ந்தவன். ஆயினும் மீன் சிக்கவில்லை என்னும் இச்செய்தி, பிற்காலத் தூண்டில் பயணங்கள் அனைத்துக்கும் முன்னோடி ஆவணம் என்பதை உரையாசிரியர்கள் போதிய அளவு வலியுறுத்தாதது வியப்புக்குரியது.

இடத்தேர்வில் முதலில் பெயர் அடிபடுவது கழுவேலி. மரக்காணம், வானூர் வட்டங்களில் பரந்து கிடக்கும் இந்த ஈரநிலம், அதாவது நீர் ஆழமின்றித் தேங்கிப் பருவத்துக்கேற்பப் பெருகியும் சுருங்கியும் கிடக்கும் நிலப்பரப்பு, மழைக்காலத்தில் ஏரிகளின் உபரிநீரால் நிரம்பி, கோடையில் கடல்நீரின் கலப்பால் உவர்ப்பேறும் இயல்புடையது. "அங்க மீனு கொட்டிக் கெடக்குது மச்சான்" என்னும் கூற்று டீக்கடையில் எழுந்த மாத்திரத்தில், ஐயாயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட அப்பரப்பு 2021ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதையும், 2024ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலில், அதாவது 1971இல் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி உலக அளவில் பேணத்தக்க ஈரநிலங்களின் வரிசையில், சேர்க்கப்பட்டதையும் நாளேடு படிக்கும் ஒருவர் நினைவூட்டிவிடுவார். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் நிழலில், அங்கே யாரையும் கேளாமல் மீன் பிடிக்கும் உரிமை நீர்க்காகத்துக்கும் கூழைக்கடாவுக்கும் மட்டுமே எஞ்சியுள்ளது. ஊசுட்டேரியின் நிலையும் ஏறத்தாழ இதுவே. அன்றியும் அதன் ஒரு பகுதி புதுச்சேரிக்கு உரியதாகையால், அத்திசையில் புறப்படும் குழு எல்லையைத் தாண்டியதும் தூண்டிலை மறந்து வேறு நீர்மங்களில் கருத்தூன்றிவிடும் இடையூறும் உண்டு. வராக நதியில் கட்டப்பட்ட வீடூர் அணை, முழுக் கொள்ளளவில் 32 அடி நீரைத் தேக்குவது, அடுத்ததாக ஆராயப்படும். அங்கே சென்றவர்கள் பெரும்பாலும் பூங்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பியதாகவே வாய்மொழித் தரவுகள் கூறுகின்றன.

ஆக எஞ்சுவது ஊர் ஏரி. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உடைய ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பிலும் சிறிய ஏரிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் இருப்பதால், இங்கே பாதுகாக்கப்பட வேண்டிய பறவையினம் ஏதும் இல்லை என்று குழு மகிழ்ந்திருக்கும் வேளையில், மீன்பாசி குத்தகை என்னும் நிறுவனம் குறுக்கிடுகிறது. ஏலத்தில் எடுத்தவர் பணம் கட்டி, கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விட்டு, அவை வளரும்வரை கரையில் ஆள் வைத்துக் காப்பதே இம்முறை. காவலாளி தூண்டில்காரரை அணுகும்போது எழுப்பும் முதல் வினா, கோலைப் பற்றியதோ இரையைப் பற்றியதோ அன்று, "எந்த ஊருப்பா நீ?" என்பதாகும். இவ்வினாவுக்கு அதே ஊர்ப் பெயரை விடையாகச் சொல்ல இயலாதவர், காவலாளிக்குத் தெரிந்த மாமா ஒருவரின் பெயரையேனும் கைவசம் வைத்திருத்தல் திட்டத்தின் தலையாய கூறாகும்.

காலத்தேர்வு இதனினும் சிக்கலானது. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் இவ்வட்டாரத்தில் மழைக்கு முகாந்தரம் தெரியும் புரட்டாசியில், குழுவில் பாதிப் பேர் கவிச்சியைத் தொடுவதில்லை. ஐப்பசியில் மழையும் தீபாவளியும் சேர்ந்தே வருகின்றன. கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கோடி போகும், அதாவது மிகுநீர் கலங்கல் வழியாக வழிந்தோடும். அந்த ஓட்டத்தை எதிர்த்து மீன்கள் ஏறும் நாள்களில் ஊர்ச் சிறுவர்கள் ஊத்தாவும் பழைய வேட்டியும் கொண்டு அள்ளிக்கொண்டிருக்க, திட்டமிட்டோரில் மீதிப் பேர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மயிலம் பக்கம் ஒரே நாளில் அரை மீட்டர் அளவுக்குக் கொட்டித் தீர்த்தது போன்ற மழை வந்துவிட்டால், வீட்டுக்குள் வந்த தண்ணீரை இறைக்கவே நேரம் போதாது. தை, மாசியில் நீர் தெளிந்து நல்ல பருவம் அமைகிறதென்றால் அப்போது அறுவடை. பங்குனி, சித்திரையில் நீர் வற்றி மீன் ஒருங்கே திரண்டு நிற்கும்போது குத்தகைதாரர் வலை இறக்கிவிடுகிறார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருப்பதால் அவ்வேளையில் ஏரிமீனுக்குக் கிராக்கி கூடி, காவலாளியின் பார்வையும் கூர்மை பெறுகிறது. நீர் உள்ள காலத்தில் ஆள் இல்லை, ஆள் உள்ள காலத்தில் அனுமதி இல்லை, அனுமதி தளரும் ஆனியில் நீரே இல்லை என்னும் இதனை முப்பொருந்தாமை விதி எனப் பெயரிட்டு வழங்கலாம்.

மீன்வகை பற்றிக் கருத்து வேறுபாடு இல்லை. எல்லோரும் விராலையே குறிவைத்துப் புறப்படுகிறார்கள். நீரில் கரைந்த காற்று போதாமல் மேலே வந்து மூச்செடுக்கும் இம்மீன், சேற்றிலும் தாக்குப்பிடிப்பது, தன் குஞ்சுகளைக் கூட்டமாக மேய்த்துக் காப்பது, சிறு தவளையை இரையாக வைத்தால் ஒரே இழுப்பில் தக்கையை, அதாவது நீரில் மிதந்து மீன் கடிப்பதை அறிவிக்கும் நெட்டித் துண்டை, காணாமற் போக்குவது. ஆனால் முள்ளில் ஏறுவது ஜிலேபியே. 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட இந்த ஆப்பிரிக்க மீன் மைதாமாவு உருண்டைக்கும் மயங்குமாதலால், இதற்குத் திட்டமே தேவையில்லை என்று மூத்தோர் கருதுகின்றனர். கெளுத்தி மாட்டினால் மகிழ்ச்சி ஒரு நொடியும், அதன் செவுள்பக்க முள்ளைக் கையிலிருந்து பிடுங்குவது நெடுநேரமும் நீடிக்கும். 1791இல் தரங்கம்பாடியில் பனைமரத்தின்மேல் ஒரு மீன் ஏறக் கண்டதாக டால்டார்ஃப் என்னும் டேனிஷ் படை அதிகாரி லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு எழுதிய பனையேறிக் கெண்டை, பனை மிகுந்த இவ்வட்டாரத்தில் தூண்டில் இன்றியே மீன் பெறும் வாய்ப்பைச் சுட்டுவதுபோல் தோன்றினும், பறவைகள் கவ்வி வந்து மரத்தில் நழுவவிட்ட மீனாகவே அது இருக்கலாம் என்ற பிற்கால அறிஞர் விளக்கம் அவ்வாசையில் மண்ணள்ளிப் போட்டுவிட்டது.

இரைக்கு மண்புழுவே பொது. குளியலறை நீர் வடியும் வாழையடியில் மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தி, நெளியும் புழுக்களை ஈரமண்ணோடு கொட்டாங்குச்சியில் இட்டு, மேலே ஒரு இலையை மூடிவைப்பார்கள். முள்ளின் நுனி வெளியே தெரியாதபடி புழுவைக் காலுறைபோல் ஏற்றி, வாலை மட்டும் சிறிது துள்ளவிடுவது நுட்பம். சென்னை மாகாண அதிகாரி எச்.எஸ். தாமஸ் 1887இல் இந்தியக் குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனி நூல் எழுதியிருக்கிறார். எனினும் தங்கூசி நரம்பை யார் வாங்கி வருவது என்னும் வினாவால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீணாகும் நிலைக்கு எந்த நூலிலும் தீர்வில்லை.

எனவே ஆய்வாளர்கள் மாற்றுத் திட்டத்தைத் தொடக்கத்திலேயே வகுத்துக்கொள்ளுமாறு பரிந்துரைக்கின்றனர். வெறுங்கையோடு வீடு திரும்ப விரும்பாதவர் வழியில் மீன் மார்க்கெட்டில் இறங்குவது மரபு. அங்கே அன்னக்கூடையில் உயிரோடு புரளும் விராலுக்குத் துணிந்து விலை கொடுத்தவரை, அடுப்படியில் சாம்பல் போட்டு வழவழப்பை உரசிக் கழுவுபவர் ஐயுறுவதற்குக் காரணம் குறைவு. விலைக்கு அஞ்சி ஐஸில் கிடந்த கட்லாவை வாங்கியவர்கள், ஏரித்தண்ணீர் இவ்வளவு குளிர்ச்சியாக இருந்ததா என்னும் வினாவை எதிர்கொண்டிருக்கிறார்கள். வீடூர் அணைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் காலையில் கிளம்பி, மாலையில் ஒரு கிலோ சங்கராவோடு வந்து நிற்பவருக்கு உதவக்கூடிய விளக்கம் எதையும் மீனியல் இன்னும் உருவாக்கவில்லை.