பறந்துவிட்டு வா, பறக்க விடுகிறேன்

பைத்தியம் தீர்ந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தீரும் என்று நம் பாட்டிமார் யாரைப் பார்த்துச் சொன்னார்களோ தெரியாது. இன்றைக்கு இருந்தால் விமான நிறுவனங்களின் ஆள்சேர்ப்பு விளம்பரத்தைக் காட்டியிருப்பார்கள். துணை விமானி தேவை. தகுதி, ஏ320 ரகத்தில் ஐந்நூறு மணி நேரம் பறந்த அனுபவம். ஓட்டிப் பழக அந்த ஏ320ஐ எந்தத் தாமானில் யார் வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று விளம்பரத்தில் போடவில்லை.

கிள்ளான் பையன் ஒருவன் எஸ்.பி.எம். முடித்து, மலாக்காவுக்கோ லங்காவிக்கோ போய், ஒற்றை எஞ்சின் விமானத்தில் சுற்றி, வணிக விமானி உரிமத்தோடு திரும்புகிறான். கையில் 200 மணி நேரம் சொச்சம். செலவு மூன்று லட்சம் வெள்ளி அளவில். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனதே, அதை வாங்கும் தகப்பன் ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்தால் பதினான்கு வருடத்துக்கு மேல் ஆகும். மாராவின் கல்விக் கடன் வாசல் பூமிபுத்ராக்களுக்கு. ஆகவே நம்மவர் ஊழியர் சேமநிதிக் கணக்கைத் துடைக்கிறார், வீட்டை வங்கியில் வைக்கிறார், அக்காவின் கல்யாணத்துக்கு எடுத்து வைத்த நகை அடகுக்கடைக்குப் போகிறது. தீபாவளிக்குச் சீருடையில் ஒரு படம். சொந்தக்காரர்கள் அதற்குள் ஜாதகம் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். வேலை கிடைத்ததா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் அந்தப் படத்துக்கு மரியாதை போய்விடும்.

மணி நேரம் சேர்க்க வழியே இல்லையா? நிறைய இருக்கிறது. எல்லா வழியிலும் டோல் உண்டு, டச் அண்ட் கோ அட்டைதான் செல்லாது.

முதல் வழி, வாத்தியாராவது. 200 மணிக்காரன் இன்னும் கொஞ்சம் பணம் கட்டிப் பயிற்றுநர் தகுதி வாங்கி, பூஜ்ய மணிக்காரனுக்குக் கற்றுக்கொடுக்கலாம். அந்தப் பூஜ்யம் நாளைக்கு 200 ஆகி, இன்னொரு பூஜ்யத்தைத் தேடும். பள்ளி மட்டும் எப்போதும் லாபத்தில் பறக்கும். அந்த இடமும் சிலருக்குத்தான். மற்றவர்கள் இருவராகக் கூடி, சின்ன விமானத்தை மணி வாடகைக்கு எடுத்துச் செலவைப் பங்கு போட்டுக்கொண்டு சுற்றலாம். வேலை இல்லாதவனுக்குப் பொருத்தமான பொழுதுபோக்கு.

பேனாவாலும் பறக்கலாம். லாக் புக் என்பது வெறும் கட்டம் போட்ட புத்தகம்: தேதி, விமானத்தின் ரகம், 9எம் என்று தொடங்கும் பதிவெண், ஏறியது, இறங்கியது, பகல், இரவு, ஆசிரியரோடு, தனியாக. பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை. அந்தக் கட்டத்தில் ஒரு 1.4 ஏற்றி எழுதினால் மேகம் வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. இப்படி எழுதிய மணிக்கு விமானிகள் உலகத்தில் பார்க்கர் 51 என்றே கிண்டல் பெயர் உண்டு. 2011இல் ஜெய்ப்பூர்ப் பறப்புப் பள்ளியில் பறக்காத மணியெல்லாம் ஏட்டில் பறந்தது அம்பலமானது. 2020 ஜூனில் பாகிஸ்தான் அமைச்சர் நாடாளுமன்றத்திலேயே 860 விமானிகளில் 262 பேரின் உரிமம் சந்தேகத்துக்குரியது என்றார். அடுத்த மாதமே மலேசியா அந்த நாட்டு உரிமம் வைத்திருந்தவர்களை இங்கே பறக்காமல் நிறுத்தியது. பொய் எழுதியவன் திருடன்தான், சந்தேகமில்லை. பொய் எழுதினால்தான் உள்ளே வரமுடியும் என்று வாசலைக் கட்டியவனுக்கு என்ன பெயர்?

துணிச்சல் இருந்தால் பாப்புவா மலைக்குப் போகலாம். குட்டை ஓடுபாதை, சின்ன விமானம், வேகமாக ஏறும் மணி. 2023 பிப்ரவரியில் அங்கே தரையிறங்கிய நியூசிலாந்து விமானி ஒருவரைப் போராளிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். விடுதலையாக ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களை எந்தக் கட்டத்திலும் எழுதிக்கொள்ள முடியாது.

எல்லாவற்றிலும் உச்சம், பணம் கட்டிப் பறப்பது. பையனே பணம் கொடுத்து, பயணிகள் ஏறிய விமானத்தில் துணை விமானி இருக்கையில் ஐந்நூறு மணி நேரம் உட்காரும் உரிமையை வாங்குகிறான். பின்னால் இருப்பவர் இருநூறு வெள்ளி கொடுத்தார். முன்னால் இருப்பவன் ஒரு லட்சம் கொடுத்தான். அவன் வேலை செய்கிறான், அவனே கட்டணமும் கட்டுகிறான். தோட்டத்துக் கங்காணிகூட ஆளிடம் கடன் எழுதிக்கொண்டுதான் வேலை வாங்கினான். பால்மரம் வெட்டும் உரிமைக்குத் தனியாகக் கட்டணம் கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. ஐரோப்பிய விமானிகள் சங்கம் இதை எதிர்த்து வருடக்கணக்கில் கத்துகிறது.

பாதுகாப்புக்குத்தான் மணி கேட்கிறோம் என்பார்கள். 2009இல் அமெரிக்காவின் பஃபலோ அருகே கோல்கன் விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு, துணை விமானிக்கும் 1,500 மணி நேரம் வேண்டும் என்று சட்டம் வந்தது. விழுந்த விமானத்தின் கேப்டன் 3,379 மணி நேரம் பறந்தவர், துணை விமானி 2,244. இருவருமே அந்தக் கோட்டை எப்போதோ தாண்டியவர்கள். துணை விமானி சொற்பச் சம்பளத்தில், முந்தைய இரவு நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பயணம் செய்து வேலைக்கு வந்திருந்தார். களைப்பையும் சம்பளத்தையும் சரிசெய்யக் காசு ஆகும். மணி நேரத்துக்கான காசை மட்டும் பையனின் தகப்பன் கட்டிவிடுவார்.

உரிமமும் சும்மா கிடக்காது. வருடா வருடம் மருத்துவச் சோதனை, கருவிப் பறப்புத் தகுதிக்குப் புதுப்பிப்பு, எல்லாமே காசு. 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்காவிட்டால் பயணிகளை ஏற்றக்கூடாது. கறாரான விதி, நல்ல விதி. ஆனால் அமெரிக்கா 2019 நவம்பரில் மலேசியாவின் விமானக் கண்காணிப்பையே இரண்டாம் தரத்துக்கு இறக்கியபோது, நம் விமானப் போக்குவரத்து ஆணையம் திரும்ப ஏற 2022 அக்டோபர் ஆனது. பெரிய இடத்துக்கு மூன்று வருடம், கிள்ளான் பையனுக்கு மூன்று மாதம்.

2020இல் வேலை போன ஒரு கேப்டன் சுபாங் ஜெயாவில் சீருடையோடு நின்று கறி மீ விற்றார். நாடே பாராட்டியது. அவருக்கே அந்தக் கதி என்றால் பின்னால் வரிசையில் நிற்கும் 200 மணிக்காரனுக்கு என்ன கதி என்று அப்போது யாரும் கேட்கவில்லை. அவன் ஃபெடரல் நெடுஞ்சாலையில் கிரேப் ஓட்டி மணி சேர்த்துக்கொண்டிருந்தான்.

காய்கறிக் கடையில் விலை எழுதி வைக்காவிட்டால் உள்நாட்டு வாணிப அமைச்சு அபராதம் போடுகிறது. மூன்று லட்சம் வெள்ளிக்குப் படிப்பு விற்பவர், தன்னிடம் படித்தவர்களில் எத்தனை பேர் இன்று விமானி இருக்கையில் இருக்கிறார்கள் என்று வாசலில் எழுதி வைக்கட்டுமே. பள்ளிக்கு அனுமதி தருவதும் பையனுக்கு உரிமம் தருவதும் ஒரே ஆணையம்தான். ஒரு தாள், மூன்று எண்: சேர்ந்தவர், தேறியவர், வேலை பெற்றவர்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கல்விக் கண்காட்சி. விமானப் பள்ளியின் மேசைக்குப் பக்கத்தில், தோளில் நான்கு பொன்பட்டை வைத்த வெள்ளைச் சட்டை தொங்கியது. பையன்கள் மாட்டிப் படம் எடுத்துக்கொள்ளலாம். காலரில் முன்னால் மாட்டியவர்களின் வியர்வை மஞ்சளாகப் படிந்திருந்தது. மகனோடு வந்த ஓர் அம்மா மேசையில் இருந்தவரிடம் கேட்டார்:

“தம்பி, படிச்சவங்கள்ல எத்தனை பேருக்கு வேலை கிடைச்சிச்சு?”

“ஆண்டி, உலகத்துக்கு ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரம் பைலட் வேணும்னு போயிங்கே சொல்லுது.”

போயிங் 2024இல் சொன்னது இருபது வருடத்துக்கான கணக்கு. விமானம் விற்பவர் போட்ட கணக்கு.

“அது சரிய்யா. உங்க ஸ்கூல்ல படிச்சவங்கள்ல எத்தனை பேரு?”

“இன்னைக்கே முன்பணம் கட்டினா ஆயிரம் வெள்ளி கழிவு, ஆண்டி.”

“கழிவு கெடக்கட்டும். எத்தனை பேரு?”