ஓநாய், நாய், ஏலக்காரர்

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை நமக்குத் தெரியும். நியூயார்க் மேயராக இருந்த எட் காச் அந்த அழுகை நாடகமெல்லாம் வேண்டாம், ஓநாயை நேரடியாக வேலைக்கு வைத்துவிடலாம் என்றார். 1980களின் தொடக்கம். சுரங்க ரயில்களின் உடம்பு முழுக்க ஸ்ப்ரே பெயின்ட் எழுத்து, அதாவது கிராஃபிட்டி. எழுதியவர்கள் பிராங்க்ஸ், புரூக்ளின் பக்கத்துப் பதினைந்து பதினாறு வயதுப் பையன்கள். கறுப்பர்களும் போர்ட்டோ ரிக்கோக்காரர்களும் நிறைய, கூடவே வெள்ளைப் பையன்களும் உண்டு. ரயில் யார்டுக்கு நாய்க்காவல் போடலாமா என்று பேச்சு வந்தபோது, என் இஷ்டத்துக்கு விட்டால் ஓநாயையே விடுவேன் என்றார் மேயர். ஓநாய் கிடைக்கவில்லையோ, சம்பளம் கட்டுப்படியாகவில்லையோ, கடைசியில் நாய்களோடு சமாதானமாகிவிட்டார். 1981இல் குவீன்ஸில் இருக்கும் கொரோனா யார்டைச் சுற்றி இரட்டை வேலி, மேலே பிளேடு வைத்த கம்பிச் சுருள், இரண்டு வேலிக்கும் நடுவே நாய்கள். உள்ளே ரயில்களுக்குப் பளீரென்று வெள்ளையடித்து நிறுத்தினார்கள். எழுதத் துடிக்கிறவன் கண்ணெதிரே ரயில் நீளத்துக்கு வெள்ளைத்தாளை விரித்துவைத்து, ‘தொட்டால் நாய் கடிக்கும்’ என்று சொல்கிற அறிவு நகர நிர்வாகங்களுக்கு மட்டுமே வாய்க்கும்.

போலீஸ் துரத்திய அதே பையன்களின் பின்னால் கேமராவோடும் சிலர் போனார்கள். டோனி சில்வர் இயக்கி, ஹென்றி சால்ஃபன்டோடு சேர்ந்து தயாரித்த ‘ஸ்டைல் வார்ஸ்’ ஆவணப்படம் 1983இல் வந்தது. நல்ல படம். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இனி நான் திட்டப்போகிற படங்களெல்லாம் இதன் பிள்ளைகள். பிள்ளைகள் செய்ததற்கு அப்பனைக் கூண்டில் ஏற்றக் கூடாது. ஸ்கீம் என்கிற பையனும் அவன் அம்மாவும் வீட்டுக்குள் மல்லுக்கு நிற்கிற இடம் ஒன்று அதில் உண்டு. ராத்திரியில் யார்டுக்குப் போய் இவன் என்னத்தைச் சாதிக்கிறான் என்று அந்த அம்மாவுக்குப் பிடிபடவே இல்லை. அவனோ அலட்டிக்கொள்ளாமல் பதில் சொல்கிறான்: இது எனக்கும் என்னைப் போல எழுதுகிறவர்களுக்கும், மற்றவர்களுக்குப் படிக்க வருகிறதா இல்லையா என்பது என் கவலை இல்லை. ஒற்றைக் கையோடு கேஸ் 2 வந்து, எழுத்தை எப்படி ஒடித்து, வளைத்து, கண்ணுக்குத் தட்டுப்படாமல் ஒளித்துவைப்பது என்று பாடம் நடத்துகிறான். மேயரும் வருகிறார். ஜேப்படி, கடைத் திருட்டு, சுவரில் எழுதுவது மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசிவிட்டுப் போகிறார்.

படம் பரிசு வாங்கியது, தொலைக்காட்சியில் வந்தது, ஊர் ஊராகச் சுற்றியது. ஐரோப்பாவில் எத்தனையோ பையன்கள் அதைப் பார்த்துத்தான் ஸ்ப்ரே டப்பாவைக் கையில் எடுத்தார்கள். அதெல்லாம் சரி. ஆனால் ‘எங்களுக்கு மட்டும்’ என்று ஸ்கீம் சொன்ன எழுத்தை, அதில் ஓர் எழுத்துகூடப் படிக்க வராத கனவான்கள் அதே வேகத்தில் விலை கேட்க வந்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டப் படங்களுக்கா பஞ்சம்?

அந்தப் படங்களின் சமையல் குறிப்பு இன்றுவரை மாறவில்லை. முதலில் இருட்டு. பிறகு டப்பாவைக் குலுக்கும் கடகட சத்தம். முகத்தை மூடிய ஹூடி ஒன்று வேலி ஏறிக் குதிக்கும். நகரத்துக்கு மேலே மேகங்கள் வேகமாக ஓடும். ஏன் ஓடுகின்றன என்று மேகத்துக்கும் தெரியாது, எடிட்டருக்கும் தெரியாது. அடுத்து புத்தக அலமாரிக்கு முன்னால் ஒரு நரைத்த தலை. ஆதிமனிதன் குகையில் வரைந்ததில் ஆரம்பித்து, பாம்பேயி நகரத்துச் சுவர்க் கிறுக்கல் வழியாக, மூச்சு விடாமல் நியூயார்க் வந்து சேருவார். ‘ஜனநாயகக் கலை’ என்று அவர் வாயிலிருந்து வராவிட்டால் தயாரிப்பாளர் சம்பளம் கொடுக்கமாட்டார் போலிருக்கிறது. கடைசி இருபது நிமிடத்தில் அந்த ஹூடிக்காரருக்கு முகம் வந்துவிடும், பெரிய ஸ்டுடியோ வந்துவிடும், வெள்ளைச் சுவரில் சட்டம் போட்ட கித்தான் வந்துவிடும். ஒயின் கிளாஸ்கள் மோதும். சுபம்.

இந்த ஒன்றரை மணி நேரத்தில் வராதவர்கள் யார்? பிடிபட்டவன். ஜாமீனுக்கு வழியில்லாமல் உள்ளே கிடந்தவன். மகனுக்காகக் கோர்ட் வாசலில் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு நின்ற அம்மா. அவர்கள் வந்தால் படத்தின் தாளம் கெட்டுவிடும். போலீஸ் வரும், ஆனால் சைரன் சத்தமாக, சுவாரசியத்துக்காக வரும். லத்தி வராது.

ஒரே ஒரு படத்துக்கு நான் தலைவணங்குவேன். 2001இல் மேட் மெக்கார்மிக் எடுத்த குறும்படம், கிராஃபிட்டியை அழிக்கும் ஊழியர்களைப் பற்றியது. போர்ட்லண்ட் நகரத்தில் எழுத்தின்மேல் அவர்கள் பூசிவிட்டுப் போகும் சாம்பல் நிறச் சதுரங்கள்தான் நவீன ஓவியத்தின் உச்சம், பாவம் அவர்களுக்கே அது தெரியாது என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்லிக்கொண்டு போகிறது. விமரிசகர்களின் மொழியை எடுத்து நகராட்சி பெயின்ட்டின் மேல் பூசிக்காட்டியவுடன் இரண்டின் யோக்கியதையும் வெளியே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் அந்த மொழியில் வர்ணனை எழுதுகிறவர்களின் நெஞ்சழுத்தத்தை என்னவென்பது.

அடுத்து, தன் பெயரை வெளியே சொல்லாத தெரு ஓவியர் பேங்க்ஸி. 2010இல் அவர் எடுத்த ‘எக்ஸிட் த்ரூ த கிஃப்ட் ஷாப்’ படத்தின் நாயகன் தியரி கெட்டா, லாஸ் ஏஞ்சலஸில் பழைய துணிகளை நல்ல விலைக்கு விற்ற பிரெஞ்சுக்காரர். தெருக் கலைஞர்களின் பின்னாலேயே போய், பார்த்ததையெல்லாம் கேமராவில் பிடித்து, கேசட்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பெட்டி பெட்டியாக அடுக்கிவைக்கிறார். அவர் கோத்துக் காட்டிய படம் தலைவலி. ‘நீ போய் ஏதாவது வரை’ என்று பேங்க்ஸி கழற்றிவிட, மனிதர் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு, ‘மிஸ்டர் பிரெயின்வாஷ்’ என்று பெயர் வைத்துக்கொண்டு, கூலிக்கு ஆள் பிடித்து, மற்றவர்களின் படங்களை நகலெடுத்துச் சாயம் தெளித்து, 2008இல் பிரம்மாண்டமாகக் கண்காட்சி போடுகிறார். கூட்டம் வரிசையில் நிற்கிறது. லட்சக்கணக்கான டாலருக்கு விற்கிறது. பணம் இருந்தால் எந்தக் குப்பையும் கலையாகும் என்று பேங்க்ஸி பந்தயம் கட்டி நிரூபித்தது போல இருந்தது. அதைப் பார்த்து வெட்கப்பட வேண்டியவர்கள் என்ன செய்தார்கள்? கைதட்டினார்கள், படத்தை ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் ஏற்றினார்கள், பிரெயின்வாஷிடம் மேலும் வாங்கினார்கள். மடோனா தன் ஆல்பத்துக்கு அவரிடமே அட்டை போட்டார். கன்னத்தில் அறைந்தால், அறைந்த கையின் ரேகையை விலைக்குக் கேட்கிற கூட்டம் இது. 2018இல் சதபீஸ் ஏலத்தில் பத்து லட்சம் பவுண்டுக்கு விற்ற மறுநொடி பேங்க்ஸியின் படம் சட்டத்துக்குள் ஒளித்துவைத்த இயந்திரத்தில் பாதி கிழிந்து தொங்கியது. 2021இல் அந்தக் கிழிசல் ஒரு கோடியே எண்பத்தைந்து லட்சம் பவுண்டுக்கு மேல் போனது.

பேங்க்ஸியும் யோக்கியர் ஒன்றும் இல்லை. காப்புரிமை தோற்றவர்களுக்குத்தான் என்று எழுதிய அதே ஆள், வாழ்த்து அட்டை போட்ட ஒரு சின்ன கம்பெனியோடு வணிகக் குறியீட்டுக்காக மல்லுக்கட்டினார். பெயரைச் சொல்ல மறுப்பதால் காப்புரிமை வழக்குப் போட முடியாது, அதனால் குறியீடு. அதைக் காப்பாற்ற 2019இல் லண்டன் குரோய்டனில் கதவே திறக்காத கடை ஒன்றை வைத்தார். சட்டத்தை ஏய்க்கத்தான் இந்தக் கடை என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவுசார் சொத்து அலுவலகம் 2020இல் குறியீட்டை ரத்து செய்தது. கிஃப்ட் ஷாப்பைக் கிண்டல் செய்து படமெடுத்தவர் கடைசியில் கிஃப்ட் ஷாப் வைத்ததைத் தனிப் படமாகவே எடுக்கலாம்.

பெத்லகேமில் இன்னும் கேவலம். இஸ்ரேல் எழுப்பிய பிரிவினைச் சுவர் நிற்கும் அந்தப் பாலஸ்தீன ஊரில், கழுதையிடம் அடையாள அட்டை கேட்கும் இஸ்ரேலிய ராணுவ வீரனை 2007இல் பேங்க்ஸி ஒரு கட்டடத்தில் வரைந்தார். ‘எங்களைக் கழுதை என்கிறாயா’ என்று ஊர்க்காரர்கள் சிலருக்கு ஆத்திரம். சுவரையே அறுத்தெடுத்து வெளிநாட்டுச் சந்தைக்கு அனுப்பினார்கள். அதைப் பற்றியும் 2018இல் ஆவணப்படம் வந்துவிட்டது. பாடகர் இக்கி பாப் பின்னணிக் குரல். படம் வரைந்த சுவர்த்துண்டு சோதனைச்சாவடிகளைத் தாண்டிவிட்டது. பிரிவினைச் சுவரின் நிழலில் பிறந்தவர்களுக்குத்தான் பெர்மிட் வேண்டும்.

இனி சொத்துக்காரர்கள். எச் அண்ட் எம் துணிக்கடை 2018இல் புரூக்ளின் விளையாட்டுத் திடலில் ரெவோக் என்கிற கிராஃபிட்டிக் கலைஞர் எழுதியிருந்த சுவருக்கு முன்னால் விளம்பரம் எடுத்தது. அவர் ஆட்சேபித்தார். அனுமதியில்லாமல் எழுதியது குற்றம், குற்றவாளிக்கு அதில் உரிமை கிடையாது என்று கடை கோர்ட்டுக்குப் போனது. எழுதினால் குற்றம், எழுதியதன் முன்னால் சட்டை விற்றால் வியாபாரம். உலகம் பூராவும் கலைஞர்கள் காறித்துப்பிய பிறகுதான் வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். பையன்களின் பெயர் ஒன்றுகூட இல்லாமல் ரயில்களைச் சுத்தமாக்கிவிட்டோம் என்று 1989இல் மார்தட்டிய நியூயார்க் போக்குவரத்துக் கழகம், 2015இல் ஒரு ரயிலின் உட்புற இருக்கைகள் முழுக்க அமேசான் தொடருக்கான விளம்பரத்தை ஒட்டிக்கொண்டது. அதில் நாஜிகளின் கழுகு. காசு கொடுத்து ஒட்டினால் நாஜிச் சின்னமும் வருமானம். காசில்லாமல் தன் பெயரை எழுதினால் சமூகச் சீரழிவு. ஊர் கூச்சல் போட்ட பிறகு கழற்றினார்கள்.

அதிகாரிகளின் தராசும் இப்படித்தான். லண்டன் போலீஸ் சாவடி ஒன்றின் கண்ணாடியில் பேங்க்ஸி 2024இல் பிரான்ஹா மீன்களை வரைந்தார். அதை அப்படியே பெயர்த்தெடுத்துப் போய்ப் பத்திரப்படுத்தினார்கள். மறுவருஷம் உயர் நீதிமன்ற வளாகச் சுவரில், விக் வைத்த நீதிபதி ஒருவர் கீழே கிடக்கும் போராட்டக்காரரைச் சுத்தியலால் அடிப்பதாக வரைந்தார். உடனே தார்ப்பாய் போட்டு மூடி, தேய்த்து அழித்தார்கள். பாரம்பரியக் கட்டடமாம். மீன் வரைந்தால் பாரம்பரியம் சேரும், நீதிபதியை வரைந்தால் கெட்டுப்போகும்.

அந்தப் படங்களில் வராத ‘பிடிபட்டவன்’ ஒருவரைப் பார்ப்போம். மைக்கேல் ஸ்டூவர்ட்டுக்கு வயது 25. புரூக்ளின்காரர், கறுப்பர், ஓவியராக வர ஆசைப்பட்டவர். ‘ஸ்டைல் வார்ஸ்’ வந்த அதே 1983, செப்டம்பர் 15, விடியாத நேரம். மன்ஹாட்டனின் முதலாம் அவென்யூ நிலையத்தில் சுவரில் எழுதினான் என்று சுரங்க ரயில் போலீஸ் பிடித்தது. மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது கை கால் கட்டப்பட்டு, மூச்சில்லாமல் இருந்தார். பதின்மூன்று நாள் நினைவு திரும்பாமல் கிடந்து இறந்தார். முதலில் இதயத்துடிப்பு நின்றுபோனதுதான் காரணம் என்றார் நகரத்தின் தலைமை மருத்துவ ஆய்வாளர். பிறகு கழுத்துத் தண்டுவடத்தில் காயம் என்றார். 1985இல் வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி ஆறு போலீஸ்காரர்களையும் விடுவித்தது. சுவரில் மார்க்கர் கிழித்தது தெரிந்த ஊருக்கு, கழுத்தில் விழுந்தது யார் கையால் என்று கடைசிவரை தெரியவில்லை.

அவர் செத்த மூன்றாவது மாதம், டிசம்பர் 1983இல், அதே மன்ஹாட்டனின் 57ஆம் தெருவில் சிட்னி ஜானிஸ் கேலரி ‘போஸ்ட் கிராஃபிட்டி’ என்று கண்காட்சி திறந்தது. கனவான்கள் வந்து பார்த்தார்கள். அந்தக் கண்காட்சியில் இடம்பெற்ற பாஸ்கியாவும் ஒருகாலத்தில் தெருச் சுவரில் எழுதியவர்தான்; ஸ்டூவர்ட்டின் இடத்தில் நான் இருந்திருக்கலாம் என்று நடுங்கிப்போயிருந்தார். நண்பர் கீத் ஹேரிங்கின் ஸ்டுடியோச் சுவரிலேயே, லத்தி ஓங்கிய இரண்டு போலீஸ்காரர்களையும் நடுவில் ஒரு கறுப்பு உருவத்தையும் வரைந்தார். ஹேரிங் அதை அறுத்தெடுத்துத் தங்க நிறச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார். 2019இல் குக்கன்ஹைம் அருங்காட்சியகம் அதை மையமாக வைத்துக் கண்காட்சி நடத்தியது. உள்ளே போக 25 டாலர்.

விலை என்று பேச்சு வந்துவிட்டதால் கணக்கையும் முடித்துவிடலாம். குவீன்ஸில் ‘ஃபைவ் பாயின்ட்ஸ்’ என்று ஒரு பழைய தொழிற்சாலை, உடம்பு முழுக்கக் கிராஃபிட்டி. உரிமையாளர் 2013 நவம்பரில் ஒரே ராத்திரியில் வெள்ளையடித்தார், பிறகு இடித்தார், அந்த இடத்தில் எழுப்பும் அடுக்குமாடிக்கு அதே பெயரைத் தனக்கே பதிவு செய்யவும் பார்த்தார். கலைஞர்கள் வழக்குப் போட்டார்கள். 2018இல் நீதிபதி 45 படைப்புகளுக்கு, தலைக்கு ஒன்றரை லட்சம் டாலர் வீதம் 67.5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னார். நியாயமான தீர்ப்பு, கொடுத்த காசில் எனக்கு ஒரு சல்லி மனக்குறை இல்லை. மைக்கேல் ஸ்டூவர்ட்டின் குடும்பத்துக்கு 1990இல் சமரசமாகக் கிடைத்தது 17 லட்சம் டாலர். ஒன்றரை லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு மனிதனுக்குப் பதினொன்றே சொச்சம் சுவர்ப்படம் வருகிறது. நியாயமாகப் பேச வேண்டும் என்பவர்கள் இடைப்பட்ட 28 வருஷ விலைவாசியையும் சேர்த்துக்கொள்ளட்டும். இருபது, இருபத்திரண்டு தேறும்.