முயலிடம் தப்பிய அதிபர்

1979 ஏப்ரல். அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர், சொந்த ஊரான ஜார்ஜியாவின் பிளெயின்ஸில் படகில் தனியாக உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். சதுப்புநில முயல் ஒன்று படகை நோக்கி வேகமாக நீந்தி வந்தது. அணு ஆயுதங்களுக்கு அதிபதியான மனிதர் துடுப்பை எடுத்துத் தண்ணீரை அடித்தார்; முயல் திரும்பிப் போனது. அவ்வளவுதான் போர்.

முயலாவது நீந்துவதாவது என்று அவருடைய ஆட்களே நம்பவில்லை. நல்லவேளை, வெள்ளை மாளிகைப் புகைப்படக்காரர் எடுத்த படம் சாட்சி சொன்னது. ஊடகச் செயலாளர் ஜோடி பவல் சும்மா இருந்திருக்கலாம். ஆகஸ்டில் ஒரு நிருபரிடம் பேச்சுவாக்கில் சொல்லிவைத்தார். வாஷிங்டன் போஸ்ட் முதல் பக்கத்திலேயே போட்டுவிட்டது. எண்ணெய்த் தட்டுப்பாடு, விலைவாசி எல்லாம் இருந்தும் நாடே முயலைப் பற்றித்தான் பேசியது.

படத்தைத் தர கார்ட்டர் அரசு மறுத்தது. 1980 தேர்தலில் அவரைத் தோற்கடித்த ரீகனின் நிர்வாகம் அதை வெளியிட்டது.