மூணு எழுத்துக் காய்ச்சல்

எலே பேராண்டி, அந்தச் சீட்டை இப்படிக் கொண்டா. டவுனுக்குப் போய் ஊசி போட்டுட்டு வந்ததுல இருந்து மேலநீலிதநல்லூர்ல ஒருத்தர் பாக்கியில்லாம நீட்டுதியாமே, 'எனக்கு வந்திருக்கது சும்மா காய்ச்சல் இல்ல, பி.யு.ஓ.'ன்னு! பாட்டையா கம்பவுண்டரா 20 வருசம் மிக்சர் கலக்கினவன்லே. அந்த மூணு எழுத்தைப் பிரிச்சா 'பைரெக்சியா ஆஃப் அன்நோன் ஆரிஜின்'. அதாவது, காய்ச்சல் அடிக்கு, ஏன்னு தெரியல. இதை உங்க ஆச்சி காசு வாங்காமலே சொன்னாள்லா?

பைரெக்சியாவுக்கு ஊரு கிரேக்கம். அங்க 'பைர்'னா தீ. சிவகாசி வாணவேடிக்கைய 'பைரோடெக்னிக்ஸ்'ங்காவல்லா, அதுவும் அந்தத் தீ வம்சந்தான். உன் நெத்தியும் மத்தாப்பும் பங்காளி. அடுப்புப் பக்கம் போயிராத.

ஜுரங்கது வடமொழி ஜ்வரம். அதுவும் சூடுதான். நம்ம 'காய்' இருக்கே, அது சுடவும் செய்யும், உலத்தவும் செய்யும். வெயில் காயுது, வத்தல் காயுது, பால் காயுது. வயலை ஒருக்கக் காயப்போட்டு ஒருக்கத் தண்ணி விடணும்னு சம்சாரி சொல்லுத 'காய்ச்சலும் பாய்ச்சலும்' கூட இந்தக் காய்ச்சல்தான். அடுத்த வீட்டுக்காரன் டிராக்டர் வாங்கினா உனக்கு வருமே, அதுக்கும் இதே பேருதான். பாராசிட்டமாலுக்கு அது கேக்காது.

கேக்காத சூடு இன்னொண்ணும் உண்டு. மண்டைக்குள்ள ஹைப்போதலாமஸ்னு ஒரு இடம். கிருமி புகுந்தா ஒடம்புச் சூட்டுக்கு அது வச்சிருக்க அளவைக் கூட்டிரும். அதை எட்டத்தான் ஒடம்பு வெடவெடன்னு நடுங்குது. கொதிக்க ஒடம்புக்குக் கம்பளி கேக்குது. மாத்திரை அந்த அளவை இறக்கும். ஆனா அக்கினி நட்சத்திரத்துல கரிசக்காட்டுல சுருண்டு விழுந்தவனுக்கு அளவு ஏறல, ஒடம்புதான் ஏறிருக்கு. அவனுக்கு மாத்திரை தேடிட்டு நிக்காத. நெழல்ல போட்டு, மேலெல்லாம் தண்ணி ஊத்தி விசிறிக்கிட்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்கு.

சரி, உன் பட்டத்துக்கு வருவோம். 1961-ல பீட்டர்ஸ்டார்ஃப், பீசன்னு ரெண்டு அமெரிக்க டாக்டர்மாரு அதுக்கு வரம்பு கட்டி வச்சிருக்காவ. சூடு 101-க்கு மேல பல தடவை போகணும். 3 வாரம் தாண்டணும். ஒரு வாரம் ஆஸ்பத்திரில படுக்கவச்சுத் துருவியும் காரணம் புடிபடக் கூடாது. உனக்குக் கண்டது முந்தாநாத்து சாயங்காலம். இன்னும் 19 நாள் கெடக்குலே. அதுவர சும்மா காய்ச்சக்காரனா இந்தக் கஞ்சியக் குடி.