சாலை குடித்த தண்ணீர்

அமெரிக்காவில் வீட்டையே வண்டியாக்கி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு மர்மம் உண்டு. தொட்டியில் 40 கேலன், அதாவது சுமார் 150 லிட்டர், நல்ல தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்புவார்கள். அரிசோனா பாலைவனத்தில் குவார்ட்ஸைட் போய்ச் சேர்ந்து குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும்.

உடனே துப்பறிதல் தொடங்கும். வீட்டுக்காரர் டார்ச்சோடு வண்டிக்கடியில் மல்லாந்து படுப்பார். விரிசலா? பம்பு பழுதா? புதுத் தொட்டிக்கு விலைகூட விசாரித்தாகிவிடும். "அடியில இருக்கிற வடிகால் வால்வை மூடினீங்களா?" என்பார் மனைவி. பதில் வராது.

மூடியிருந்தாலும் தப்ப முடியாது. தொட்டி தளும்ப, வண்டி குலுங்க, மிச்சம் வழிவதற்கென்று வைத்த குழாய்க்குள் தண்ணீர் ஏறிவிடும். அதன் மறுமுனை கீழே தொங்குகிறதே! மண்ணெண்ணெய் டின்னில் டியூபைப் போட்டு வாயால் உறிஞ்சுவோமே, அதே கதைதான். இங்கே உறிஞ்சிக் கொடுப்பது சாலைப் பள்ளம். ஒருமுறை ஒழுக ஆரம்பித்தால், குழாய்க்குள் காற்று புகும்வரை நிற்காது.

லட்சம் டாலர் வண்டிக்கு மருந்து, அந்தக் குழாயில் சில டாலருக்கு ஒரு வால்வு. தண்ணீர் பிடிக்கும்போது அதைத் திறக்க மறந்தால் தொட்டி பலூனாக உப்பும்.