கம்பெனி: ஆம்பூர்ச் சான்றுகளோடு ஒரு சொல்லாராய்ச்சி

கம்பெனி என்ற சொல்லுக்கு அகராதிகள் தரும் எந்தப் பொருளும் ஆம்பூரில் செல்லாது என்பதே இக்கட்டுரையின் துணிபு. நிறுவனம், வணிகக் குழு, படைப்பிரிவு என்று அவை அடுக்கிக்கொண்டே போகின்றன. காலையில் ஆம்பூர்ப் பக்கத்து ஊர் நிறுத்தம் ஒன்றில் சாப்பாட்டுப் பையோடு நிற்கும் பெண்ணிடம் “எங்கம்மா கிளம்பிட்ட?” என்று கேட்டுப் பாருங்கள். “கம்பெனிக்குக்கா” என்பாள். அடைமொழி கிடையாது. ஷூ கம்பெனி என்பதைக் கேட்டவர்தான் புரிந்துகொள்ள வேண்டும். பேங்கில் இருப்பவர் பேங்குக்குப் போகிறார். தோல் பதனிடுபவர் டேனரிக்குப் போகிறார். ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைப்பவள்தான் கம்பெனிக்குப் போகிறாள். பேங்கும் சட்டப்படி கம்பெனிதானே என்று வாதாடுவோர் ஆடிட்டர்கள். மொழி வழக்கில் அவர்கள் சாட்சியம் ஏற்கத்தக்கதல்ல.

இச்சொல் இந்த வட்டாரத்துக்கு வந்தபோது ஷூவும் இல்லை, அப்பரும் இல்லை. துப்பாக்கி இருந்தது. அன்று கிழக்கிந்தியக் கம்பெனியைத் தமிழர் ‘கும்பினி’ என்றார்கள். கும்பினிப் படையின் சென்னைத் தளபதி சர் ஜான் கிராடக், சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் தோலால் ஆன சின்னம் ஒன்று இருந்தது. நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது என்ற உத்தரவுகளும் சேர்ந்துகொண்டன. 1806 ஜூலை 10 விடிவதற்குள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் சுடத் தொடங்கிவிட்டார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி அன்றே அந்தக் கிளர்ச்சியை இரத்தத்தில் அடக்கினார். ஆனாலும் தலைப்பாகை உத்தரவைக் கும்பினி திரும்பப் பெற வேண்டியதாயிற்று. தோலைத் தலைக்கு ஏற்றப் பார்த்த கம்பெனி பின்வாங்கியது. காலுக்கு இறக்கிய கம்பெனிகள் இன்றும் ஷிஃப்ட் ஓட்டுகின்றன. இதைத் தற்செயல் என்பவர்கள் ஆய்வுக்கு லாயக்கற்றவர்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனி 1874இல் கலைக்கப்பட்டது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடும் தோலுக்கு மட்டும் ‘ஈஸ்ட் இந்தியா’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வியாபாரிகள் சுருக்கமாக ‘ஈ.ஐ.’ என்கிறார்கள்.

இனி வேர்ச்சொல். லத்தீனில் ‘கோம்’ என்றால் கூட, ‘பானிஸ்’ என்றால் ரொட்டி. ஒன்றாய் உட்கார்ந்து ரொட்டி தின்பவர்களே கம்பெனி. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ரொட்டி என்ற இடத்தில் சீரகச் சம்பா பிரியாணி என்று பாடபேதம் கொண்டால் ஆம்பூருக்குப் பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறது. கள ஆய்வும் இதையே காட்டும். மதியம் மணி அடித்ததும் தையல் மிஷின்கள் நிற்கின்றன. வட்டமாக உட்காருகிறார்கள். ஒரு டப்பாவில் புளிசோறு, ஒன்றில் கீரைக் கடைசல், ஒன்றில் நேற்றைய கல்யாணத்து பிரியாணி, ஓரத்தில் எண்ணெய் மிதக்கும் கத்தரிக்காய். பிரியாணி டப்பா மூடி திறந்த மாத்திரத்தில் ஆறு கைகள் நுழைகின்றன. கொண்டுவந்தவளுக்கு மிஞ்சுவது ஒரு எலும்பும் கத்தரிக்காய்க் காம்பும். புளிசோற்றில் பாதியை அவள் பக்கம் யாரோ தள்ளுகிறார்கள். ‘கோம்’ என்ற முன்னொட்டுக்கு இதைவிடத் தெளிவான உரை எந்த நிகண்டிலும் இல்லை.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. சூப்பர்வைசர் தனி மேசையில் சாப்பிடுகிறார். வேர்ச்சொல்லின்படி அவர் கம்பெனியிலேயே இல்லை. முதலாளியோ வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறார். அவரை எந்தப் பதத்தால் குறிப்பது என்பதை இலக்கணிகளின் முடிவுக்கே விட்டுவிடுகிறேன்.