வாட் கணக்கும் வசனக் கணக்கும்

கேள்வி: சண்டைக் காட்சி வந்தால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. வசனம் வந்தால் அப்பா "என்ன சொல்றான்?" என்று கேட்கிறார். வால்யூமை ஏற்றி இறக்கியே ரிமோட் பொத்தானில் எழுத்து அழிந்துவிட்டது. இன்னும் பெரிய ரிசீவர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. ஜன்னல் இன்னும் பலமாக அதிரும், அப்பா அதே கேள்வியைக் கேட்பார். ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் கொண்ட 5.1 ஒலிப்பதிவில் வசனம் பெரும்பாலும் நடு சேனலுக்குத்தான் போகிறது. அதாவது டிவிக்குக் கீழே நீங்கள் வைத்திருக்கும் சென்டர் ஸ்பீக்கர்தான் அப்பாவுக்குக் கதை சொல்கிறது. அது பல வீடுகளில் எங்கே இருக்கிறது? டிவி ஷோகேஸின் கீழ்த்தட்டில், முழங்கால் உயரத்தில், சுவரோடு ஒட்டி உள்ளே தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் குரல் முதலில் மரப்பலகையில் முட்டும், பிறகு தரை டைல்ஸில் முட்டும், நேர்க்குரலோடு எதிரொலியும் குழம்பித்தான் சோபாவுக்கு வந்து சேரும். மெய்யெழுத்துகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும் மேல் அதிர்வெண்கள்தான் இதில் முதலில் கெடுகின்றன. ஸ்பீக்கரின் முகம் தட்டின் விளிம்புக்கு வெளியே அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும்படி முன்னே இழுங்கள். முன்பக்கம் அடியில் ஒரு ரப்பர் துண்டு செருகி, உட்கார்ந்திருப்பவரின் காதைப் பார்க்கும்படி நிமிர்த்துங்கள். பிறகு ரிசீவர் மெனுவில் சென்டர் சேனலை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் ஏற்றுங்கள். இதற்கெல்லாம் செலவு ஒரு ரப்பர் துண்டு.

"படத்திலேயே வசனத்தை அமுக்கிக் கலந்திருக்கிறார்களே, அதற்கு என்ன செய்ய?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தியேட்டருக்கான கலவை அமைதியான, பெரிய அரங்கின் சத்த அளவை மனதில் வைத்துச் செய்யப்படுகிறது. வீட்டில் அதைவிடப் பல டெசிபல் குறைத்து வைத்துத்தான் பார்க்கிறோம். அப்போதும் வெடிச்சத்தம் தாராளமாகக் கேட்கும். கிசுகிசுப்போ சீலிங் ஃபேன் இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். இதற்காகவே ரிசீவர்களில் நைட் மோட், டைனமிக் ரேஞ்ச் என்ற பெயர்களில் ஓர் அமைப்பு இருக்கிறது. உரத்த சத்தத்தை அடக்கி மெல்லியதைத் தூக்கிவிடும். இரவில் அதைப் போட்டுப் படம் பார்ப்பதில் எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை.

கேள்வி: கடைக்காரர் 5000 வாட் ஹோம் தியேட்டரைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். பெரிய கம்பெனி ரிசீவர்காரரோ 80 வாட் என்று போட்டு நாலு மடங்கு விலை சொல்கிறார். யார் ஏமாற்றுகிறார்?

பதில்: உங்கள் வீட்டு பிளக் பாயின்ட்டே பதில் சொல்லும். சாதாரண பிளக் பாயின்ட் 6 ஆம்பியருக்கானது. 230 வோல்ட்டை 6 ஆல் பெருக்கினால் 1380 வாட். அந்த ஓட்டை வழியாக 5000 வாட் தொடர்ந்து வெளியே வர வழியே கிடையாது. அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தை விடுங்கள். கருவியைத் திருப்பி, மின்கம்பி நுழையும் இடத்துக்கு அருகில் ஒட்டியிருக்கும் சிறிய லேபிளைப் படியுங்கள். இந்த வகைப் பெட்டிகளில் மின்நுகர்வு என்று 60 வாட்டோ 100 வாட்டோ போட்டிருப்பார்கள். உள்ளே போவதைவிட அதிகமாக எதுவும் தொடர்ந்து வெளியே வராது. அட்டைப்பெட்டியில் பிஎம்பிஓ (உச்ச வாட்) என்று அச்சிடும் எண்ணுக்குப் பொதுவான அளவுமுறையே இல்லை. ஆளுக்கொரு கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் இந்த வாட் விளையாட்டைக் கட்டுப்படுத்த 1974லேயே அரசு விதி கொண்டுவந்தார்கள். நம் கடைகளில் பிஎம்பிஓ இன்னும் ஓய்வு பெறவில்லை.

பெரிய கம்பெனிகளும் முழுச் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். ஒரே ரிசீவருக்கு விளம்பரத்தில் 175 என்றும், உள்ளே விவரப் பட்டியலில் 80 என்றும் இரண்டு எண்கள் இருக்கக்கூடும். பெரிய எண், ஒரே ஒரு சேனலை மட்டும், 6 ஓமில், ஒரே ஒரு சுரத்தில், 10 சதவீதம் சிதைவு வரும்வரை முறுக்கி எடுத்தது. சிறிய எண், இரண்டு சேனல்களை 8 ஓமில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, சிதைவே தெரியாத அளவில் ஓட்டிப் பார்த்தது. ஒப்பிடுவதென்றால் சிறிய எண்ணைச் சிறிய எண்ணோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: சரி, 80 வாட் என்பது உண்மை வாட் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் 80 போதுமா? 160 வாங்கினால் இரண்டு மடங்கு சத்தம் வருமே?

பதில்: வராது. இந்த ஒரு கணக்கு புரிந்தால் கடையில் உங்களை யாரும் அசைக்க முடியாது. வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல். "கொஞ்சம் ஏற்றின மாதிரி இருக்கு" என்று சொல்லும் அளவுதான் அது. காதுக்கு இரண்டு மடங்கு என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். இப்போது ஸ்பீக்கர் பக்கம் வாருங்கள். அதன் விவரத்தில் சென்சிட்டிவிட்டி 88 டெசிபல் என்றிருந்தால், ஏறக்குறைய 1 வாட் கொடுக்கும்போது 1 மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம் என்று பொருள். 3 மீட்டர் தள்ளியிருக்கும் சோபாவில் அது சுமார் 80 ஆகக் குறையும். மனிதர் பேசும் சத்தம் ஏறக்குறைய 60 டெசிபல். ஆகவே சாதாரண வசனத்துக்கு அந்த ஸ்பீக்கர் குடிப்பது ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு. வெடிச்சத்தம் வரும்போது 80 வாட் முழுவதையும் கொடுத்தால் சோபாவில் 99 டெசிபல். 160 வாட் ரிசீவருக்கு மாறினால் 102. அதே 3 டெசிபலை, 88க்குப் பதில் 91 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தாலே பெற்றுவிடலாம், பழைய ரிசீவரை மாற்றாமல்.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு. தியேட்டர் தரத்தில் உச்சச் சத்தம் 105 டெசிபல் வரை போக வேண்டும் என்கிறார்களே? மேற்படி கணக்குப்படி அதற்கு 320 வாட் வேண்டும், உண்மைதான். ஆனால் அடுக்குமாடி வீட்டில் அந்த அளவில் யாரும் படம் பார்ப்பதில்லை, கீழ்வீட்டுக்காரர் பார்க்க விடவும் மாட்டார். அதைவிட முக்கியம், ஆம்ப்ளிஃபயரின் சக்தியை அதிகம் விழுங்குவது அடித்தொனி. ரிசீவர் மெனுவில் எல்லா ஸ்பீக்கர்களையும் ‘ஸ்மால்’ என்று குறித்து, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்தால், அந்தச் சுமை முழுவதும் தனக்கென ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கும் சப்வூஃபருக்குப் போய்விடும். இடுப்பு உயர டவர் ஸ்பீக்கர் வாங்கியவர்களுக்கு அதை ‘ஸ்மால்’ என்று குறிக்க மனம் வராது. குறியுங்கள். ஸ்பீக்கரின் உருவத்துக்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தமில்லை. 4 ஓம் ஸ்பீக்கரோ இருபதடிக்கு மேல் நீளும் ஹாலோ இருந்தால் மட்டும் கூடுதல் சக்தியைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: விலை உயர்ந்த சப்வூஃபர்தான். ஆனால் ஒரு சுரத்துக்கு "பூம்" என்று வீங்குகிறது, இன்னொன்றுக்கு ஆளையே காணோம். அறை பத்துக்குப் பன்னிரண்டு, கூரை பத்தடி. முட்டை அட்டை ஒட்டலாமா?

பதில்: முட்டை அட்டையை முட்டைக்கே விட்டுவிடுங்கள். அறையின் இரண்டு எதிர்ச் சுவர்களுக்கு நடுவே, நீளத்துக்குத் தகுந்த ஒரு சுரம் நின்று முழங்கும். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. அதை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அந்தச் சுரம் கிடைக்கும். உங்கள் பன்னிரண்டடிக்கு 47 ஹெர்ட்ஸ், பத்தடிக்கு 56 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் இரண்டுமே பத்தடி என்பதால் 56 ஹெர்ட்ஸ் இரட்டைப் பலத்தில் முழங்குகிறது. நீங்கள் கேட்கும் "பூம்" பெரும்பாலும் அதுதான். 56 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் இருபதடி. அரை அங்குல அட்டையும் தெர்மாகோலும் அதை உணரக்கூடச் செய்யாது. நம் வீடுகளில் செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. அடித்தொனி வெளியே கசிய இடமே இல்லை. மெல்லிய பலகைச் சுவர் வைத்த அமெரிக்க வீடுகளில் அதில் ஒரு பங்கு சுவரோடு போய்விடும். அங்கே எழுதப்படும் விமர்சனத்தைப் படித்துவிட்டு அதே பன்னிரண்டு அங்குல சப்வூஃபரை இங்கே வாங்கிவந்து மூலையில் வைப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

செய்ய வேண்டியது இது. சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபாவின் மேலேயே வையுங்கள். அடித்தொனி ஏறி இறங்கும் ஒரு பாட்டைப் போடுங்கள். பிறகு சுவரோரமாகக் குனிந்து, காதைத் தரைக்கு ஓரடி உயரத்தில் வைத்து, மெதுவாக நகர்ந்து வாருங்கள். ஓரிடத்தில் வீங்கும், ஓரிடத்தில் வற்றும், ஏதோ ஓரிடத்தில் எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கும். சப்வூஃபரை அங்கே வைத்துவிட்டு நீங்கள் சோபாவுக்குத் திரும்புங்கள். ஒலிக்கு இரண்டு திசையும் ஒன்றுதான், அதனால் இது பலிக்கும். பக்கத்து வீட்டார் பார்க்காத நேரமாகச் செய்வது உங்கள் விருப்பம்.

மேல் அதிர்வெண்களுக்கு வேறு வைத்தியம். ஹால் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். தட்டிய பிறகு தகரத்தில் கல் உருண்டதுபோல ஒரு "டிரிங்" தொடர்ந்தால், வெற்றுச் சுவர்கள் ஒன்றுக்கொன்று எறிந்து விளையாடுகின்றன என்று பொருள். ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே கனமான தரைவிரிப்பு, ஜன்னலுக்கு மடிப்பு மடிப்பாகத் தொங்கும் தடித்த திரை, ஒரு சுவரில் நிரம்பிய புத்தக அலமாரி. பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும். மீதிக்கு, சோபாவில் நீங்கள் உட்கார்ந்துகொண்டு ஒருவரைப் பக்கச் சுவரோரம் கண்ணாடியைப் பிடித்து நகர்த்தச் சொல்லுங்கள். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் துணி போர்த்திய நாலு அங்குல ராக்வூல் பலகை ஒன்றை மாட்டுங்கள்.

கேள்வி: அதே பத்துக்குப் பன்னிரண்டு அறையில் 7.1.4 டால்பி அட்மாஸ் போட ஆசை. போடலாமா?

பதில்: முதலில் 5.1. அட்மாஸ் 2012ல் தியேட்டருக்கும் 2014ல் வீட்டுக்கும் வந்தது. தலைக்கு மேலிருந்தும் ஒலி வரவைக்கும் அருமையான தொழில்நுட்பம், மழைக்காட்சியில் அதன் அருமை தெரியும். ஆனால் 7.1 வேண்டுமென்றால் உங்கள் தலைக்குப் பின்னால் நாலைந்து அடியாவது இடம் வேண்டும். சோபா பின்சுவரை ஒட்டியிருக்கும் அறையில் பின் ஸ்பீக்கர்கள் காதுக்குள் கத்தும். கூரையில் ஒலியைத் தட்டி எதிரொலிக்கும் வகை ஸ்பீக்கருக்குத் தட்டையான கூரை அவசியம். கான்கிரீட் கூரை நல்லது. ஓட்டு வீட்டிலும் படிப்படியாக வளைத்த ஃபால்ஸ் சீலிங்கிலும் அது திசை தவறும், நடுவில் ஃபேன் வேறு சுற்றும். 5.1 சரியாக அமைந்த பிறகு கூரையிலேயே இரண்டு ஸ்பீக்கர் பதித்து 5.1.2 ஆக்குங்கள். அந்த அறைக்கு அதுவே நிறைவு.

கேள்வி: ரிசீவரோடு ஒரு மைக் கொடுத்தார்கள். அதை வைத்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்றார்கள். ஆகவில்லையே?

பதில்: மைக்கை எங்கே வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. சோபாவின் சாய்மானத்தின் மேல் வைத்தாலும் கையில் பிடித்தாலும் அளவு கெடும். ஃபோட்டோ ஸ்டாண்டில் மாட்டி, காது உயரத்தில் நிறுத்துங்கள். ஃபேன், ஏசி, ஃப்ரிட்ஜ் மூன்றையும் அணையுங்கள். விடியற்காலை சிறந்த நேரம். முடிந்ததும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். டவர் ஸ்பீக்கரை அது ‘லார்ஜ்’ என்று குறித்திருந்தால் ‘ஸ்மால்’ ஆக்கி 80 ஹெர்ட்ஸ் வையுங்கள். சப்வூஃபர் எட்டடியில் இருக்க, ரிசீவர் பதினாலடி என்று காட்டினால் பதறி மாற்ற வேண்டாம். சப்வூஃபரின் உள்ளே ஏற்படும் தாமதத்தையும் சேர்த்துத்தான் அது தூரமாகக் கணக்கிடுகிறது. ஆனால் ஷோகேஸுக்குள் ஒளிந்திருக்கும் சென்டரை எந்த மைக்கும் வெளியே இழுத்துவிடாது.

கேள்வி: டிவியில் ஏஆர்சி மட்டும்தான் இருக்கிறது, இஏஆர்சி இல்லை. டிவியை மாற்றணுமா?

பதில்: ஓடிடி மட்டும் பார்ப்பவர் என்றால் வேண்டாம். அவற்றில் வரும் அட்மாஸ், டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவத்தில் வருகிறது. டிவி ஒலியை எச்டிஎம்ஐ வழியே ரிசீவருக்கு அனுப்பும் ஏஆர்சியிலேயே அது போகும், டிவி அதைக் கடத்தினால் போதும். ப்ளூ-ரே வைத்திருந்தால் பிளேயரை நேராக ரிசீவரில் செருகுங்கள். ஒயரிலும் பணத்தைக் கொட்ட வேண்டாம். 1.5 சதுர மில்லிமீட்டர் சுத்தச் செம்பு ஒயர் பத்து மீட்டர் ஓடினாலும் 8 ஓம் ஸ்பீக்கரில் இழப்பு காதுக்குத் தெரியாது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதை மட்டும் தவிருங்கள்.

கேள்வி: கடைசியாக, கையில் இருக்கும் பணத்தை எப்படிப் பிரிப்பது?

பதில்: நூறு ரூபாய் இருந்தால் ரிசீவருக்கு முப்பது, முன்பக்க மூன்று ஸ்பீக்கர்களுக்கு நாற்பது, சப்வூஃபருக்கு இருபது, பின் ஸ்பீக்கர் இரண்டுக்கும் தரைவிரிப்புக்கும் பத்து. முன்பக்க மூன்றும் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் இடமிருந்து வலம் நடக்கும் ஒருவரின் குரல் வழியில் வேறாள் குரலாக மாறும். ரிசீவர் சில ஆண்டுகளில் பழசாகும், ஏனென்றால் எச்டிஎம்ஐ மாறிக்கொண்டே இருக்கிறது. நல்ல ஸ்பீக்கர் இருபது ஆண்டு உழைக்கும். கடலோர ஊர்க்காரர்கள் கோன் விளிம்பில் ஃபோம் வைத்ததைத் தவிர்த்து ரப்பர் விளிம்பு வாங்குங்கள், ஈரக்காற்றில் ஃபோம் பொடிந்து உதிரும். ரிசீவரை மூடிய ஷோகேஸில் அடைக்காமல் மேலே அரையடி காற்றுக்கு இடம் விடுங்கள். சென்ற ஆண்டு மாடல் ரிசீவர் தள்ளுபடியில் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள், மிச்சமாகும் பணத்தை சென்டர் ஸ்பீக்கரில் போடுங்கள்.